காலி நிலம் என்று எழுதியவன்

எங்கள் மாவட்டத்தில் கடலுக்குப் பக்கத்தில் ஒரு நகராட்சி இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த ஊரைக் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு ஊராகச் செய்து வைத்தவர்களில் நானும் ஒருவன். டிஜிட்டல் ட்வின் என்று அதற்குப் பெயர். அலுவலகத்தில் வெறுமனே ட்வின் என்போம். ட்ரோன் பறக்கவிட்டு ஊர் முழுவதையும் படம் பிடித்து, தெரு, வீடு, சாக்கடை, தண்ணீர்த் தொட்டி, மரம் எல்லாவற்றையும் அளவு பிசகாமல் திரையில் எழுப்புவார்கள். பிறகு சாக்கடைகளில் சென்சார் பொருத்துவார்கள். வெளியே மழை பெய்தால் திரைக்குள்ளும் மழை பெய்யும். இன்னும் ஒரு மணி நேரத்தில் எந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்று அது முன்னதாகவே காட்டிவிடும். எங்கே சாலை போடலாம், எந்த மதகை எப்போது திறக்கலாம் என்று அதிகாரிகள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

இதில் என் வேலை சின்னது. ட்ரோனுக்குக் கூரைதான் தெரியும். கூரைக்குக் கீழே இருப்பது வீடா, கடையா, மாட்டுக்கொட்டகையா என்று ஒரு ஆள் நேரில் போய்ப் பார்த்து டேப்லெட்டில் பதிய வேண்டும். அந்த ஆள் நான். ஒப்பந்தக் கம்பெனி கொடுத்த பதவியின் பெயர் களச் சரிபார்ப்பாளர்.

நான் திருப்புல்லாணியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்துக்காரன். அப்பாவை அய்யா என்போம். அவருக்குக் கொஞ்சம் நிலம். மழை வந்தால் நெல், சரியாக வராவிட்டால் மிளகாய். பாலிடெக்னிக் படித்த மூன்று வருடமும் அந்த நகராட்சியில் இருந்த அத்தை வீட்டில்தான் தங்கினேன். அய்யாவின் அக்கா அவள். மாமா காலமாகிப் பல வருடம் ஆகியிருந்தது. அத்தை வத்தல் கோடவுனில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளும் வேலைக்குப் போய் ஒரே மகளை வளர்த்தாள். வீட்டில் இருந்தது ஒரே அறை. எனக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு அம்மாவும் மகளும் தரையில் படுத்தார்கள். மூன்று வருடமும். வேண்டாமென்று ஒரு நாளும் நான் சொல்லவில்லை.

ஊரணிக்கு மேற்கே, பெரிய மழைநீர்க் கால்வாய் முடிகிற இடத்தை ஒட்டி அந்தத் தெரு. மொத்தம் பதினொரு வீடுகள். எல்லாரும் வறட்சிக் காலத்தில் உள்கிராமங்களிலிருந்து வந்து சேர்ந்த விவசாயக் கூலிகள். இடம் புறம்போக்கு. ஆனாலும் கரண்ட் இருந்தது, ரேஷன் கார்டு இருந்தது, ஓட்டும் இருந்தது. வீட்டுவரி மட்டும் கிடையாது. கட்டுகிறோம் என்று போய்க் கேட்டாலும் வாங்க மாட்டார்கள். வாங்கிவிட்டால் உரிமை கொண்டாடுவார்களாம்.

அந்த வார்டுக்கு நான் சரிபார்க்கப் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். அத்தை அன்று வேலைக்குப் போகாமல் இருந்தாள். என்னைப் பார்த்ததும் வெளியே வந்து சிரித்தாள்.

"என்ன அப்பு வேலை இது? வீடு வீடா எட்டிப் பாக்குறது?"

"ஊரைப் பூராம் கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு ஊரா செய்யுறோம் அத்தை."

"இருக்குற ஊரையே ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டேங்குறாக. இன்னொண்ணு எதுக்குடா?"

"அப்படி எட்டிப் பாக்காதவுகளுக்குத்தான். உக்காந்த இடத்துலயிருந்தே பாத்துக்கிரலாம்."

"அப்ப எங்க சாக்கடையும் தெரியுமா?"

"தெரியும்."

"நாத்தம்?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். மதியம் ஆகிவிட்டது, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்தாள். சோறும் கருவாட்டுக் குழம்பும். நான் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்தேன்.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் வரி எண் கேட்கும். எண் இருந்தால் நிரந்தரக் கட்டடம். இல்லாவிட்டால் தற்காலிக அமைப்பு. பந்தல், பெட்டிக்கடை, கொட்டகை போன்றவற்றுக்காக வைத்த வகை அது. இரண்டுக்கும் பொருந்தாத இடங்களுக்கு 'ஆட்சேபம்' என்று ஒரு பொத்தானும் வைத்திருந்தார்கள். அதை அழுத்தினால் வீட்டுக்கு வீடு படம், கரண்ட் ரசீது, அக்கம்பக்கத்தார் இரண்டு பேரின் கையெழுத்து, காரணம் எல்லாம் ஏற்ற வேண்டும். பதினொரு வீட்டுக்கும் செய்தால் இரண்டு நாளாவது ஆகும். நான் டீம் லீடரைப் போனில் கூப்பிட்டேன். சென்னைக்காரர்.

"சார், இங்க ஒரு தெரு. வரி நம்பர் இல்ல. ஆனா ஜனங்க குடியிருக்காங்க."

"நம்பர் இல்லேன்னா டெம்பரரி போட்டுட்டு வாப்பா. இன்னைக்கு அந்த வார்டு முடியணும். எல்லாம் உன்னாலதான் நிக்குது."

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் அந்தத் தெருவில் கால் வைத்தது கிடையாது. நான் அங்கே மூன்று வருடம் தூங்கி எழுந்தவன். பதினொரு வீட்டுக்கும் தற்காலிகம் என்று வரிசையாகப் போட்டேன். ஒவ்வொன்றின் முடிவிலும் 'நேரில் பார்த்துச் சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு கட்டம் வரும். பதினொரு முறையும் தொட்டேன். அத்தை வீட்டுக்குப் போட்டபோது அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அப்போது அது எனக்கு வெறும் ஒரு வார்த்தையாகத்தான் பட்டது.

சில மாதம் கழித்துத் தொடக்க விழா நடந்தது. கல்யாண மண்டபத்தில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். திரையில் ஊர் சுத்தமாக இருந்தது. சாக்கடையில் பாலிதீன் பை இல்லை, தெருவில் நாய் இல்லை. கூட்டம் கைதட்டியது. நான் ஊரணிக்கு மேற்கே தேடினேன். அங்கே பழுப்பு நிறத்தில் வெறும் தரை இருந்தது. 'காலி நிலம்' என்று எழுத்து ஓடியது. பக்கத்தில் நின்ற டீம் லீடரிடம் கேட்டேன்.

"டெம்பரரி எல்லாம் படத்துல தனி அடுக்கு, தனி லேயர்பா. அதை எடுத்துட்டோம். பாக்கக் குப்பையா இருக்குது. எண்ணிக்கையும் தப்பா வருது."

தலையாட்டினேன். அந்த வாரந்தான் என்னைக் கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். வெயிலில் அலைய வேண்டாம், ஏசி அறை, சுழலும் நாற்காலி. அந்த நேரத்தில் போய் நான் போட்ட பதிவையே தப்பு என்று கிளப்ப எனக்கு மனம் வரவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பார்க்கவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. எங்கள் சீமை தட்டையான பூமி. தண்ணீருக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அப்படியே நிற்கும். மூன்றாம் நாள் காலையில் மழை விட்டுவிட்டது. ஆனால் கடல் பொங்கியிருந்ததால் கிழக்குக் கால்வாயில் தண்ணீர் வடியவில்லை. பத்து மணி வாக்கில் அரசு ஆஸ்பத்திரிப் பக்கத்துச் சென்சார்கள் எல்லாம் சிவப்பாக மாறின. கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருப்பதாகப் போன் மேல் போன்.

அறையில் நாங்கள் மூன்று பேர். நகராட்சியின் உதவிப் பொறியாளர், என்னோடு வேலை பார்த்த ஒரு பெண், நான். பொறியாளர் இரண்டு நாளாக வீட்டுக்குப் போகாதவர். சட்டை கசங்கிப்போய் நின்றார்.

"மேற்கு மதகு ஷட்டரைத் தெறந்தா என்ன ஆகும், ஓட்டிப் பாரும்மா" என்றார்.

அந்தப் பெண் ஓட்டிப் பார்த்தாள். "ஊரணிக்கு மேக்க காலி நிலத்துக்குப் போயிரும் சார். அங்க இடுப்பளவு நிக்கும். ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத்துல சரியாயிரும்."

"ஆளுக யாரும் இல்லையே அங்கன?"

"மாடல்ல ஒண்ணும் இல்ல சார்."

அவர் என் பக்கமும் திரும்பிப் பார்த்தார். பதினொரு வீடு இருக்கிறது சார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் நல்ல மனிதர். சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார். இல்லையென்றால் முதலில் ஆளனுப்பி ஜனங்களை அப்புறப்படுத்திவிட்டாவது திறந்திருப்பார். ஆனால் அதற்கு அடுத்த கேள்வியும் எனக்குத் தெரிந்திருந்தது. அப்படியென்றால் திரையில் ஏன் இல்லை? நேரில் போய்ப் பார்த்தது யார்?

 பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்து வராந்தாவுக்கு வந்து அத்தைக்குப் போன் போட்டேன்.

"அத்தை, வீட்டுலயா இருக்கீக?"

"ஆமா அப்பு. மழை விட்டுருச்சு. நனைஞ்சதெல்லாம் வெளிய எடுத்துப் போடுறேன்."

"அதை விடுங்க. ரேஷன் கார்டு, துணிமணி கையில கெடச்சத எடுத்துக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க. தண்ணி வருது."

"எங்கிட்டிருந்து வருது? வானம் வெறிச்சிருக்கே."

"சொன்னாக் கேளுங்க அத்தை. இப்பவே கெளம்புங்க."

போனை வைத்துவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அதற்குள் பொறியாளர் ஷட்டரைத் திறக்கச் சொல்லியிருந்தார். அத்தையிடம் மற்ற பத்து வீட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள்தான் ஒரு சில்வர் தட்டைத் தட்டிக்கொண்டு வீடு வீடாக ஓடியிருக்கிறாள். கடைசி வீட்டில் பக்கவாதம் வந்து படுத்திருந்தவரைக் கட்டிலோடு தூக்கி வந்திருக்கிறார்கள். அதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் திரைதான். பழுப்புத் தரையில் ஒரு மூலையிலிருந்து நீல நிறம் பரவிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிப் பக்கம் சிவப்பு ஒவ்வொன்றாகப் பச்சையாக மாறியது. பொறியாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா" என்று உட்கார்ந்தார்.

உயிருக்குச் சேதமில்லை. ஏழு வீடுகளில் சுவர் விழுந்தது. ஒரு வீட்டில் கட்டியிருந்த ஆடுகள் செத்தன. அவிழ்த்துவிட ஆள் திரும்பிப் போவதற்குள் தண்ணீர் ஏறிவிட்டதாம். அத்தை வீட்டில் வடக்குச் சுவர் போய்விட்டது.

சாயங்காலம் ரொட்டியும் போர்வையும் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அத்தை என்னைக் கண்டதும் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அந்தத் தெருப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இந்தா, இவன்தான் என் மருமகன். இவன் மட்டும் போன் பண்ணலேன்னா இந்நேரம் நாம எங்கன கெடந்திருப்போமோ."

ஆடு செத்துப்போன வீட்டுக்காரம்மா என் தலையில் கை வைத்து, "நல்லா இருப்ப சாமி" என்றாள். நான் கும்பிட்டேன். கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

அத்தை மட்டும் தனியாக ஒரு முறை கேட்டாள். "மழையே இல்லாதப்ப, தண்ணி வாரது உனக்கு எப்புடி அப்பு முன்னாடியே தெரிஞ்சுச்சு?"

"ஆபீஸ்ல தகவல் வந்துச்சு அத்தை."

"ஓ" என்றாள். நம்பினாள்.

அடுத்து வெள்ளச் சேதப் பட்டியல் தயாரானது. பட்டியலை ட்வினை வைத்துத்தான் எடுத்தார்கள். அதில் அந்தத் தெரு இல்லை. பார்வையிட வந்த அலுவலர் விழுந்து கிடந்த சுவரின் மேல் நின்றுகொண்டே, இங்கே வீடு இருந்ததாகப் பதிவில் இல்லையே அம்மா என்று சொல்லியிருக்கிறார். தண்ணீரை அங்கே விட்டது நன்றாக வேலை செய்ததால், அந்த இடத்தை நிரந்தரமாக வெள்ளநீர் தேக்கும் பகுதி ஆக்கலாம் என்று ட்வின் பரிந்துரை செய்தது. கம்பி வேலி போட அளந்து கல் நட்டார்கள். மண்சுவரை மறுபடி எழுப்பக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அத்தையும் மகளும் சந்தைக்குப் பின்னால் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நான் பதிவைத் திருத்தக் கோரி ஒரு விண்ணப்பம் போட்டேன். நேரில் சரிபார்க்கப்பட்ட பதிவு, மாற்றத் தேவையில்லை என்று திரும்பி வந்தது. டீம் லீடரிடம் போய் நின்றேன்.

"இப்ப மாத்தினா என்ன அர்த்தம்? தண்ணி விட்டது தப்புன்னு ஆகும். முதல்ல உன் பேருதான் வரும். யோசிச்சுக்கோ."

யோசித்தேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

அத்தை மகள் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். ஊருக்கெல்லாம் மனு அடித்துக் கொடுத்துப் பழகியவள். எங்கள் வீடு ஏன் உங்கள் பதிவில் இல்லை என்று தகவல் அறியும் சட்டத்தில் கேட்டுவிட்டாள். இரண்டு பக்கத்தில் பதில் வந்தது. பதினொரு வீடும் தற்காலிக அமைப்பு என்றும், சரிபார்த்தவரின் பணியாளர் எண் இன்னது என்றும். என் அடையாள அட்டை ஒரு முறை உடைந்தபோது அதை லேமினேட் செய்து கொடுத்தவள் அவள்தான். எண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. போன் செய்து, "மச்சான், வீட்டுக்கு வந்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

போனேன். அத்தை தரையில் உட்கார்ந்திருந்தாள். கோடவுனிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள் போல. அறை முழுக்க வத்தல் நெடி. மகள் தாளை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"நான்தான்" என்றேன்.

அத்தை மகளிடமிருந்து தாளை வாங்கி மடித்துக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அன்னைக்கு வீட்டுல சாப்பிட்டயே. எழுதுனது அதுக்கு முன்னாடியா, சாப்பிட்டுட்டா?"

"சாப்பிட்டுட்டு, அத்தை."

தலையை மட்டும் அசைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி, ஷட்டர், ஆளுக இல்லையே என்று பொறியாளர் கேட்டது, நான் எழுந்து வராந்தாவுக்குப் போனது. சொன்னால் மனம் லேசாகும் என்று நினைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் இதையும் எனக்காகத்தான் சொல்கிறேன் என்று தெரிந்தது.

"வாயத் தொறந்து அவருட்ட சொல்லியிருக்கலாம்ல அப்பு," என்றாள். "எனக்கு எதுக்குப் போன் பண்ணுன?"

மகள் கதவைத் திறந்து பிடித்தாள். நான் வெளியே வந்தேன். அத்தை என்னை அப்பு என்று அழைத்தது அதுதான் கடைசி.

அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டத்தில் ஒரு கடிதம் கொடுத்தேன். அங்கே பதினொரு குடும்பம் இருந்தது, தெரிந்தே தவறாகப் பதிந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வாரமே வேலை போய்விட்டது. அது நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது வேறு. விசாரணை அறிக்கை என் கடிதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. நடந்தது களப்பணியாளர் ஒருவரின் தவறு, அவரே ஒப்புக்கொண்டுள்ளார், மென்பொருளிலோ நடைமுறையிலோ குறையில்லை என்று முடித்துவிட்டார்கள். வரி எண் இல்லாதவனை எல்லாம் பந்தலோடும் பெட்டிக்கடையோடும் சேர்த்த விதியைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. அந்த லேயரை எடுத்துவிடச் சொன்னவர் யார் என்றும் கிடையாது. நான் உண்மையைச் சொன்னது அவர்களுக்குத்தான் உதவியது.

பல மாதம் கழித்துப் பதிவைத் திருத்தினார்கள் என்று கட்டுப்பாட்டு அறையில் என்னோடு வேலை பார்த்த பெண் சொன்னாள். இப்போது திரையில் பதினொரு வீடும் நிரந்தரக் கட்டடமாக நிற்கின்றனவாம். நிஜத்தில் அங்கே கம்பி வேலியும் ஒரு பம்ப் அறையும் இருக்கின்றன. குடும்பங்களுக்குப் பெரியபட்டினம் போகிற வழியில் மாற்று இடம் காட்டினார்கள். உவர் மண். தண்ணீர் லாரியில்தான் வர வேண்டும். பஸ் நிற்காது. நாலு குடும்பம் போனது. மற்றவர்கள் எங்கெங்கோ வாடகைக்கு இருக்கிறார்கள். பக்கவாதக்காரரை அவர் மகன் திருப்பூருக்குக் கூட்டிப்போய்விட்டான்.

நான் இப்போது ஒரு சோலார் கம்பெனிக்கு நிலம் அளக்கிறேன். கேட்பவர்களிடம் முந்தைய வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வேன். யாரும் துருவிக் கேட்டதில்லை.

மறு வருடம் ஆவணியில் அத்தை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அத்தை பாக்கு வைக்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்றேன். என்னைக் கடந்து உள்ளே போனாள். தட்டில் பழமும் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்து அய்யாவிடம் நீட்டினாள்.

"தம்பி, மாமன் சீரு உன் கையாலதான் செய்யணும். முதல் நாளே வந்துரு."

"நான் வராம யாரு வருவா அக்கா" என்று அய்யா தட்டை வாங்கிக்கொண்டார்.

அம்மா காப்பியை வைத்துவிட்டு என்னையும் பார்த்து, அத்தையையும் பார்த்து, "மூணு பேருமா வந்துருவோம் மதினி" என்றாள்.

அத்தை காப்பியைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். "ரெண்டு பேரும் வந்துருங்க" என்றாள்.

அய்யா தலை நிமிரவில்லை. அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அத்தை பையை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். நான் வழிவிட்டு ஒதுங்கினேன்.

அய்யாவும் அம்மாவும் முதல் நாளே சீர்த்தட்டோடு போனார்கள். கல்யாணத்தன்று பகல் முழுக்க நான் வீட்டில் இருந்தேன். மிளகாய் நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட்டேன். சோறு இருந்தது, சாப்பிடவில்லை. சாயங்காலம் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். அய்யா புதுச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

"கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுச்சாய்யா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சுச்சு" என்றார். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.